முதலாளியின் நாற்காலியில் நீலப் பெயிண்ட்

தாராவியில் எங்கள் படிப்பகம் ஒரு தோல் கிட்டங்கியின் முன்னறையில் இருந்தது. பின்பக்கம் உப்புப் போட்ட ஆட்டுத் தோல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். முன்பக்கம் நாங்கள் தமிழ் வளர்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு சாக்குத் திரை, அவ்வளவுதான். நாற்றத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முதல் வாரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்தினேன். பிறகு வீட்டுக்குப் போனால்தான் காற்றில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

நான் சொல்வது அறுபதுகளின் நடுவில். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே மாமியார். என் கணவருக்குச் செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவர் படிப்பகத்தின் செயலாளர். மத்தியானத்தில் ஆண்கள் யாரும் வராததால் அறை சும்மா கிடந்தது. அந்த நேரத்தில் நான் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். வீட்டில் நான் ‘ஏட்டி’. அங்கே போனால் ‘டீச்சர்’. பம்பாயில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே கிடையாது.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எங்கே தமிழ் எழுத்தைக் கண்டாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கடைப் பலகையா, சுவரொட்டியா, பொட்டலம் கட்டின காகிதமா, எதுவானாலும் சரி. மனசுக்குள் படிக்கிறேன் என்று சொல்லிப் பாதி எழுத்தை முழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சட்டம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. என் மாணவிகள் கும்பலாகச் சாமான் வாங்கப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் ஆண்கள் எதிரில், சபையில், ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். அதுதான் என் கவலை.

கவலைக்குக் காரணம் முதலாளி. கிட்டங்கியும் அதன் முன்னறையும் அவருடையவை. காயல்பட்டினத்துப் பக்கம் பிறந்து, நினைவு தெரிவதற்குள் பம்பாய் வந்து, தோல் வியாபாரத்தில் பெரிய ஆளானவர். ஆளும் பெரிய ஆள்தான். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி என்று அவர் தெருவில் வந்தால் எதிரே வருகிற கைவண்டி ஒதுங்கி நிற்கும். வாடகை என்று ஒரு பைசா வாங்காமல் எங்களுக்கு அறையைக் கொடுத்திருந்தார். அந்த வருஷம் என் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

“தம்பி, சரக்குப் போட எடம் பத்தல. மழைக்கு முன்னால அந்த ரூமு வேணும். ஆம்பளையாளுவ பேப்பர் படிக்க டீக்கடை கெடக்கு. பொம்பளையாளுவ படிக்காவன்னு சொல்லுதீங்க. என்ன படிச்சிருக்காவன்னு ஆண்டு விழாவுல பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்.”

ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினரும் அவரேதான். ஆகவே அவருடைய நாற்காலியும் வர வேண்டியிருந்தது.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரும்பழுப்புத் தோல் போர்த்திய பெரிய நாற்காலி. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏலத்தில் எடுத்ததாம். உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும் என்று சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. கல்யாணமோ, கூட்டமோ, துக்க வீடோ, முதலாளி எங்கே போனாலும் முதலில் கைவண்டியில் நாற்காலி போகும், பிறகு அவர் போவார். மற்றவர் வீட்டு மரநாற்காலியில் அவர் உட்கார மாட்டார். நிற்பார். “என்ன தெனாவெட்டு பாத்தியா” என்று என் மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாற்காலி காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. நானும் என் மாணவிகளும் கோலம் போட, பாய் விரிக்க, தோரணம் கட்ட என்று சுற்றிக்கொண்டிருந்தோம். என் கணவர் படிப்பகத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். மரப் பலகையில் நீல எனாமல் பெயிண்ட். விழாவில் முதலாளி திரையை விலக்கித் திறந்துவைக்க வேண்டிய பலகை அது. ஒரு மாதமாகக் கையில் வைத்திருந்த வேலையை அன்று காலையில்தான் தொடங்கினார்.

அவருக்கு எழுத்து அழகாக வரும். அது அவருக்கும் தெரியும். அதுதான் வினை. ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் நாலடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, தன் அழகைத் தானே ரசிப்பார். ‘ம்’ போட்டு முடித்துப் பின்னால் நகர்ந்தார். நாற்காலியின் கைப்பிடியில் அவர் பின்புறம் இடித்தது. கைப்பிடியின் மேல் இருந்த பெயிண்ட் டப்பா இருக்கையில் கவிழ்ந்தது.

“டப்பாவ வைக்க ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்று கத்தினேன்.

“தரையில வச்சா யாராவது தட்டி விட்ருவாவன்னுதான் பத்திரமா மேல வச்சேன்” என்றார். அந்த முகத்தை அப்படியே நீலத்தில் முக்கி எடுக்கலாம் போல் எனக்கு வந்தது.

இருக்கை முழுக்க நீலம். நடுவில் குளம், குளத்திலிருந்து ஓரம் நோக்கி வாய்க்கால்கள். என் அறையும் வகுப்பும் அதில் முங்கிப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. நாற்காலியை இப்படிப் பார்த்தால் முதலாளி அதற்கப்புறம் பெண்கள் படித்தார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாரா?

அழுது முடிக்க நேரமில்லை. கையில் கிடைத்த கந்தலையெல்லாம் போட்டு முதலில் குளத்தை வற்றவைத்தோம். துடைக்கத் துடைக்க அது பரவியது. “துடைக்காதீங்கட்டி, ஒத்தி எடுங்க!” என்று நான் சொல்வதற்குள், என் கணவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஈரச் சாக்கை எடுத்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை சுத்தமாக இருந்த முதுகுப் பக்கத்திலும் நீலம் ஏறியது. அவரை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் மாலை வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். மாலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. இன்னொன்றும் இருக்கட்டும் என்றேன்.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. என் மாணவிகளில் இட்லி விற்கிற அக்கா ஒருத்தி உண்டு. பித்தளைப் பானையைப் பளபளவென்று வைத்திருப்பவள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகாத கறை உலகத்தில் இல்லை என்று ஒரே போடாகப் போட்டாள். தேய்த்தாள். பெயிண்ட் அசையவில்லை; நாற்காலியில் புளியோதரை மணம் வந்தது. இன்னொருத்தி தயிர் என்றாள். நல்ல புளித்த தயிர் வந்தது. அதுவும் போயிற்று வீணாக. எலுமிச்சம்பழம் பிழிந்தோம். பல்பொடி போட்டோம். ஒருத்தி சாம்பல் கொண்டுவந்தாள். ஒரு கட்டத்தில் அந்த நாற்காலிக்கு நாங்கள் அபிஷேகம் செய்துகொண்டிருக்கிறோமா, கறை எடுக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“தோல் ஒங்க தொழில்தான மதினி, நீங்க சொல்லுங்க” என்று கிட்டங்கியில் வேலை பார்க்கிற, நாங்கள் எல்லோரும் மதினி என்று கூப்பிடுகிற மாணவியைக் கேட்டேன். பகலெல்லாம் தோலில் உப்பு உதறுகிறவள். என் வகுப்பிலேயே அதிகப் பிடிவாதக்காரியும் அவள்தான். ‘ழ’வைப் பார்த்தால் சண்டைக்குப் போவாள்.

“நாங்க தோலுலருந்து மயிரத்தான் எடுப்போம் டீச்சர். பெயிண்ட் பூசுன ஆடு இதுவரைக்கும் வந்ததில்ல” என்றாள்.

சிரிக்கிற நேரமா அது? சிரித்தோம். எனக்கு வயிறு வலிக்கிற மட்டும் சிரித்துவிட்டு, அதே மூச்சில் அழுகையும் வந்தது.

கடைசியில் இரண்டு யோசனைகள் மிஞ்சின. தேங்காயெண்ணெய் ஒன்று, சீமையெண்ணெய் என்கிற மண்ணெண்ணெய் ஒன்று. பெயிண்ட் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நேரே ஊற்றினால் தோல் வெளுத்துப் போகும் என்று பயம். தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் பெயிண்ட் இளகுமே தவிரப் போகாது. இரண்டையும் கலந்தால் என்ன என்று இட்லி அக்கா கேட்டாள். ரேஷனில் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். அவரவர் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயும் வந்தது. கலந்து, நாற்காலியின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தோம். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

பிறகு கந்தலில் தொட்டுத் தொட்டு ஒத்தினோம். பெயிண்ட் இளகி வந்தது. வந்ததைக் கரண்டிக் காம்பின் மழுங்கின முனையால் மெல்ல வழித்தோம். மறுபடி ஒத்து, மறுபடி வழி. நாற்காலியைச் சுற்றிலும் பெண்கள் குனிந்து நின்று, ஆளுக்கு ஒரு சாண் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். தையல் ஓரங்களில் புகுந்ததை மதினி துடைப்பக் குச்சியால் கிண்டி எடுத்தாள். மத்தியானச் சோற்றை யாரும் நினைக்கவில்லை. நீலம் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. இருக்கை முன்னைவிடக் கறுத்து, கண்ணாடி மாதிரி மின்னியது. அவர்களை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது எனக்கு.

ஆனால் தொட்டால் கையெல்லாம் எண்ணெய். இதில் வெள்ளை வேட்டியோடு மனுஷர் உட்கார்ந்தால்?

“இதுக்குப் போயி முழிக்கீங்களே” என்றாள் இட்லி அக்கா. “வடை சுட்டா எண்ணெய என்ன செய்வோம்?”

அதுதானே! நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். படிப்பகத்தில் பழைய தமிழ்ப் பேப்பருக்கா பஞ்சம்? ஒரு பேப்பரை எடுத்து இருக்கையில் விரித்து, மேலே பலகை வைத்து, அதன் மேல் அம்மிக்குழவியை ஏற்றினோம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் பேப்பர் எண்ணெயைக் குடித்துக் கண்ணாடியாக இருந்தது. தோலைத் தொட்டுப் பார்த்தோம். பிசுக்கு அதிகமில்லை. கறுத்த தோலில் வேறு எதுவும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் ஊறினால் அச்சு மை இளகும், இளகினால் தோலில் இறங்கும், இறங்கினது ஆளின் சூட்டுக்கும் பாரத்துக்கும் வேட்டியில் ஏறும் என்றெல்லாம் யோசிக்கிற மாதிரியா இருந்தோம்? வடை விஷயத்தில் அப்படி எதுவும் நடந்ததில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். நாற்காலியின் முன் நின்று லேசாக மூக்கை உறிஞ்சினார். புளி, தயிர், எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்து என்ன மணம் வந்திருக்குமோ. தோல் வியாபாரியின் மூக்குக்கு அது ஒரு பொருட்டாக இல்லை போலிருக்கிறது. உட்கார்ந்தார். உள்ளே அமிழ்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கும் தெரிந்திருக்கும்.

வரவேற்புரை என்று என் கணவர் எழுந்தார். அவருக்குப் பேச்சும் அழகாக வரும் என்று அவருக்கு ஒரு எண்ணம். அவர் பேசி முடிப்பதற்குள் பெட்ரோமாக்ஸுக்கு இரண்டு தடவை காற்று அடித்தார்கள். முதலாளி அத்தனை நேரமும் அசையாமல், முழுப் பாரத்தையும் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு பெயர்ப்பலகைத் திறப்பு. பலகையை மேடையின் பின்சுவரில் மாட்டி மேலே ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். முதலாளி எழுந்து, சபைக்கு முதுகைக் காட்டி, கயிற்றை இழுத்தார். துணி வரவில்லை. காலையில் அடித்த பெயிண்ட் எங்கே காய்ந்தது? துணி பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். என் கணவர் ஓடிப்போய்க் கூட இழுத்தார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போராடினார்கள்.

முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் என் மாணவிகள். பலகைகளை அடுக்கிக் கட்டின மேடை. உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கு நேரே முதலாளியின் வேட்டி, பின்பக்கம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். அதில் கறுப்பாக, கட்டமெல்லாம் போட்டு, தோலில் திரும்பி விழுந்தது வேட்டியில் மறுபடி திரும்பி நேராகி, சுத்தமாக எழுத்துகள் இருந்தன.

எழுத்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

“மூ... ல... மா... மூலமா?” என்று மதினி தொடங்கினாள்.

“உட்... கா... ர... உட்கார முடிய... வில்லையா?” என்று இட்லி அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சொல் பிடிபட்டதும் அடுத்த சொல் தானாக வந்தது. “கவலை... விடுங்கள்! கை... கண்ட... லே... கி... யம்! ஒரே... மண்... டலத்தில்... குணம்!” என்று முழு வகுப்பும் ராகம் போட்டுப் படித்தது. சபையில் வாய் திறக்க மாட்டார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேனே, அவர்கள்தான். நான் கையைக் காலை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். சத்தம் போதவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். “வி.பி.பி.யில்... அனுப்பப்படும்! ர... க... சி... யம்... காக்கப்படும்!” என்று கூரை அதிரப் படித்தார்கள்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். சிரிப்பு அப்படியே நின்றது.

“யாரு வாசிச்சது?” என்றார்.

மதினி மட்டும் மெல்ல எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “நாந்தான் மொதலாளி... எழுத்து இருந்துது” என்றாள்.

“எங்க இருந்துது?”

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். முதலாளி கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆளுக்கு அது எப்படி எட்டும்? மதினியைப் பார்த்தார். பிறகு மறுபடி சபைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“மிச்சத்தையும் வாசி” என்றார்.

மதினி வாசித்தாள். பத்தியம் கிடையாது என்பதையும், விலாசத்தையும், ஊரையும், தெருவையும், கோவில் எதிரில் மாடி என்பதையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். ‘ழ’ வந்த இடத்தில் ஒரு கணம் நின்று, அதையும் தாண்டினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முதலாளி மேடையை விட்டு இறங்கி நடந்துவிட்டார். பின்னாலேயே நாற்காலியும் கைவண்டியில் ஏறிப் போய்விட்டது.

அன்று வீட்டில் நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. அறை போனதுதான், வகுப்பு போனதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வெளியே லேபர் கேம்ப் முழுக்க அந்த விளம்பரத்தைப் பாட்டாகவே படித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் கடைசி வகுப்பு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பாதிப் பாடத்தில் வாசலில் நிழல் விழுந்தது. முதலாளி நின்றிருந்தார், தனியாக. கைவண்டி இல்லை. எல்லோரும் எழுந்துவிட்டோம். யோசிக்காமல் உதவி செய்கிற பழக்கம் என் கணவரிடமிருந்து எனக்கும் தொற்றியிருக்க வேண்டும்; ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“டீச்சரம்மா, எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். கணக்கு மனசுலயே வரும். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது” என்றார். மெதுவாகத்தான் பேசினார். “சயான் ஆசுபத்திரிக்குப் போனா துணிய அவுக்கச் சொல்லுவான். மானம் போயிரும். இப்பிடித் தபாலுல மருந்து வரும்னு யாரு எனக்குச் சொன்னா? யார்கிட்ட நான் கேப்பேன்? அந்த வேட்டிய வீட்டுல வண்ணானுக்குப் போட்டுட்டாவ. பேப்பர் இருக்கா?”

பேப்பரில்தான் நாங்கள் அன்று காலை அடுப்புப் பற்றவைத்திருந்தோம். எண்ணெய் குடித்த பேப்பர், என்னமாய் எரிந்தது! அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் மரநாற்காலிகளின் பக்கத்தில் அவர் அப்படித்தான் நின்றிருக்கிறார்; நாங்கள் தெனாவெட்டு என்று பேசியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

“பேப்பர் எதுக்கு மொதலாளி?” என்றாள் மதினி. “எங்களுக்கு மனப்பாடம்லா.”

அவள் தொடங்க, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இந்த முறை ராகம் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு சொல் சொல்லி நிறுத்துவார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அதைத் திருப்பிச் சொல்வார். அடுத்த சொல் வரும். தப்பாகச் சொன்னால் மதினி, “அப்பிடி இல்ல மொதலாளி, மறுபடி” என்பாள். அவர் மறுபடி சொல்வார். ஊர், தெரு, கோவில் எதிரில், மாடி. கடைசி வரை வந்ததும், கண்ணை மூடி ஒரு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தார். நடுவில் தெரு விட்டுப்போயிற்று.

“வயசாச்சு, நிக்க மாட்டேங்குது” என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் வரை போனவர், நின்று என்னைக் கேட்டார்: “நாளைக்கு வகுப்பு எத்தன மணிக்கும்மா?”

நாளைக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டதும் நான் அந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். மணியை மாணவிகள்தான் சொன்னார்கள், எல்லோரும் ஒரே குரலில்.